மகளின் வரலாற்றுப் பட்டமும் நான் போட்ட கணக்கும்

போன நவம்பரில் கல்லூரி விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருந்த மகள், லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒன்பது விண்ணப்பங்கள். ஒன்பதிலும் மேஜர், அதாவது முதன்மைப் பாடம் என்ற இடத்தில் வரலாறு. "டபுள் மேஜர்னு ஒண்ணும் ஆரம்பிக்காதம்மா. இது மட்டும்தான்" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அப்பாதான் கேட்டார், "வரலாறு படிச்சுட்டு என்ன வேலைக்குப் போவ?" அவர் இருபத்திரண்டு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க மெக்கானிக்கல் சேரும்போது இந்த வேலைக்குத்தான் வரப்போறீங்கன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்றாள். துடுக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அன்று இரவு வெகுநேரம் அவர் தூங்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

அந்தப் பயம் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு நாங்கள் இருக்கும் அமெரிக்காவில் வரலாறு படிப்பவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். அமெரிக்க வரலாற்றுச் சங்கம் வெளியிட்ட கணக்குப்படி 2008இல் 34,642 பேர் வரலாற்றில் இளங்கலைப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். 2017இல் அது 24,266. ஒன்பது வருடத்தில் பத்தாயிரம் பேர் குறைந்திருக்கிறார்கள் என்றால், அந்தப் பத்தாயிரம் வீடுகளிலும் யாரோ ஒருவர் என் கணவர் கேட்ட கேள்வியைக் கேட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நான் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். வருகிற பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்புகிற வேலை. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் இது யார் கொடுக்க வேண்டிய பணம், எப்போது கொடுக்க வேண்டும், கையெழுத்து யாருடையது என்றுதான் முதலில் பார்ப்பேன். மகளின் படிப்பையும் அப்படியே பார்த்தேன். நவம்பரில் தொடங்கி ஏப்ரல் கடைசி வரை பார்த்தேன். அதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். எல்லாம் அமெரிக்கக் கணக்கு. வேறு நாட்டில் கல்விக் கடன் வேறு மாதிரி.

அமெரிக்கக் கல்வித்துறை காலேஜ் ஸ்கோர்கார்டு என்று ஒரு இணையதளத்தை நடத்துகிறது. கல்லூரியையும் படிப்பையும் சொன்னால், அங்கே அதைப் படித்தவர்களின் சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று இரண்டு எண்களைக் காட்டும். இரண்டுமே சராசரி கிடையாது, இடைநிலை. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தால் நடுவில் நிற்பவரின் எண். ஒன்பது கல்லூரிகளுக்கும் அதை எடுத்து ஒரு எக்செல் தாளில் எழுதிவைத்தேன்.

சம்பளப் பத்தியில் மூன்று இடங்கள் காலியாகவே இருந்தன. சிறிய கல்லூரிகளில் வரலாறு முடிப்பவர்கள் மிகக் குறைவு; ஆட்களை அடையாளம் கண்டுவிடலாம் என்பதால் எண்ணை வெளியிட மாட்டார்கள். மற்ற இடங்களில் இருந்த எண்களைப் பார்த்து முதலில் மனம் தளர்ந்ததும் உண்மை. ஆனால் அவை யாருடைய சம்பளம் என்று படித்துப் பார்த்தபோது கொஞ்சம் தெளிவு வந்தது. மத்திய அரசின் கல்வி உதவி வாங்கியவர்கள் மட்டுமே அதில் சேர்த்தி. பட்டம் வாங்கிச் சில வருடங்களிலேயே எடுக்கப்பட்ட கணக்கு. அந்தச் சமயத்தில் மேற்படிப்பில் இருப்பவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். வரலாறு முடித்துவிட்டுச் சட்டம் படிக்கப் போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. வக்கீல்களின் இடைநிலைச் சம்பளம் 2024இல் 1,51,160 டாலர் என்று தொழிலாளர் புள்ளியியல் துறை சொல்கிறது. வரலாற்று மாணவர்களில் அந்தப் பக்கம் திரும்பியவர்கள் அப்போது சட்டக் கல்லூரியில் உட்கார்ந்திருப்பார்கள், ஆகவே இந்த எண்ணில் தெரியமாட்டார்கள். இதனால் அந்த எண் பொய் என்று ஆகிவிடாது. இளங்கலையோடு நிறுத்திக்கொண்டு நேராக வேலைக்குப் போனவரின் தொடக்க வருடங்கள் எப்படி இருக்கும் என்று அது சரியாகவே சொல்கிறது. அவளும் அப்படிப் போகக்கூடும். ஆகவே நான் வருடத்துக்கு 45,000 டாலர் என்று வைத்துக்கொண்டேன். அதைவிடக் கூட வந்தால் சந்தோஷம்.

சம்பளத்தைவிட என்னை அதிகமாகக் குழப்பியது கடன் பத்திதான். வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல் கேட்கும் தனியார் கல்லூரியிலும், அதில் மூன்றில் ஒரு பங்கு கேட்கும் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் மாணவர்களின் கடன் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. அது எப்படி? இரண்டு நாள் அதே யோசனையாக இருந்தேன். ஆபீஸில் இப்படி இரண்டு கிளைகளின் கணக்கு ஒரே மாதிரி வந்தால், எங்கேயோ ஒரு உச்சவரம்பு இருக்கிறது என்று அர்த்தம்.

இங்கேயும் அதுதான் விஷயம். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்கு, அவர் பெயரிலேயே மத்திய அரசு கொடுக்கும் கடனுக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. முதல் வருடம் 5,500, இரண்டாம் வருடம் 6,500, அதற்கடுத்த இரண்டு வருடங்களும் 7,500. கூட்டினால் நான்கு வருடத்துக்கு 27,000 டாலர். படிப்பு இழுத்துக்கொண்டு போனாலும் மொத்தம் 31,000ஐத் தாண்டக் கூடாது. கல்லூரி எவ்வளவு விலை வைத்தாலும் மாணவர் தலையில் ஏறும் அரசுக் கடன் அங்கே நின்றுவிடும். மிச்சத்தைப் பெற்றோர் வாங்குகிறார்கள், அல்லது தனியார் வங்கி கொடுக்கிறது. அந்தத் தனியார் கடன் ஸ்கோர்கார்டில் வராது. பெற்றோருக்கு மத்திய அரசு கொடுக்கும் பேரன்ட் பிளஸ் கடனைத் தனியாக வேறொரு இடத்தில் காட்டுவார்கள், தேடிப் போனால்தான் கண்ணில் படும்.

இதைப் புரிந்துகொண்ட அன்று நான் எக்செல் தாளையே மாற்றிப் போட்டேன். அதுவரை "வரலாறு" என்று தலைப்பு வைத்து எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டு ஒவ்வொரு கல்லூரியின் பெயரையும் தலைப்பாக்கினேன். வரலாறு படிப்பதால் யாருக்கும் கடன் வருவதில்லை. எந்த விலைக்கு எங்கே போய்ப் படிக்கிறோம் என்பதில்தான் கடன் வருகிறது. அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருந்தாலும் அந்தத் தனியார் கல்லூரி அதே பணத்தைத்தான் கேட்டிருக்கும்.

மார்ச் மாதம் கடிதங்கள் வந்தன. கடைசியில் இரண்டு இடங்கள் நின்றன. ஒன்று எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம். இன்னொன்று, அவள் மனதில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து இருக்கும் ஒரு தனியார் கல்லூரி. அதைப் போய்ப் பார்த்தபோது வரலாற்று வகுப்பு ஒன்றில் அவளை உட்கார வைத்தார்கள். பன்னிரண்டே பேர், ஒரு நீள மேசை. பேராசிரியர் பழைய கடிதம் ஒன்றின் நகலைக் கொடுத்து, இதை எழுதியவர் எதை மறைக்கிறார் என்று கேட்டாராம். திரும்பி வரும் வழியெல்லாம் காரில் அதையே பேசிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கல்லூரியின் உதவித்தொகைக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டியான காகிதம், மேலே வாழ்த்து. கீழே "உங்களுக்கான உதவி" என்று ஒரு பட்டியல். கல்லூரியே கொடுக்கும் ஸ்காலர்ஷிப், அதன் கீழே மாணவர் கடன் 5,500, அதன் கீழே பேரன்ட் பிளஸ் 15,000. எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கூட்டி, நீங்கள் கட்ட வேண்டியது இவ்வளவுதான் என்று ஒரு சிறிய எண். அதைப் பார்த்து என் கணவர், "பரவாயில்லையே, முடியும் போலிருக்கே" என்றார். எனக்குக் கை நடுங்கியது. எங்கள் ஆபீஸில் ஒருவர் வாங்கிய கடனை வரவு என்று எழுதிக் கொண்டுவந்தால் அந்தத் தாளை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். இது பதினேழு வயதுப் பெண்ணுக்கும் அவளுக்காக எதையும் செய்யத் தயாராக இருக்கும் பெற்றோருக்கும் வருகிற கடிதம். இதில் கடனை உதவி என்று எழுதலாமா?

ஒரு கல்லூரி மட்டும் இப்படிச் செய்வதில்லை. ஜிஏஓ என்னும் அரசுத் தணிக்கை அலுவலகம் 2022 டிசம்பரில் ஒரு அறிக்கை வெளியிட்டது. உண்மையில் கட்ட வேண்டிய நிகரத் தொகையைத் தங்கள் கடிதத்தில் சொல்லாமல் விடும் அல்லது குறைத்துக் காட்டும் கல்லூரிகள் 91 சதவீதம் என்று அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே உங்களுக்கு வரும் கடிதத்தையும் பேனாவை எடுத்துக்கொண்டு படியுங்கள். திருப்பிக் கட்ட வேண்டிய ஒவ்வொரு வரியையும் அடித்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

அடித்துவிட்டுப் பார்த்ததில், விடுதி சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தனியார் கல்லூரிக்கு வருடம் 42,000. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 27,000. எங்களால் வருடத்துக்கு 18,000 போட முடியும். இது சேமிப்பையும் சம்பளத்தையும் வைத்து, ரிட்டயர்மென்ட் கணக்கைத் தொடாமல். கோடை வேலையில் அவள் சம்பாதிப்பதில் 2,250. அவளுடைய அரசுக் கடன் சராசரியாக வருடத்துக்கு 6,750. மூன்றையும் கூட்டினால் சரியாக 27,000. மாநிலப் பல்கலைக்கழகக் கணக்கு அங்கே முடிந்துவிடுகிறது. கட்டணம் வருடாவருடம் ஏறும் என்பது தெரியும். அது இரண்டு பக்கமும் ஏறும் என்பதால் ஒப்பிடும்போது அதை விட்டுவிட்டேன்.

தனியார் கல்லூரிக்கு இன்னும் வருடம் 15,000 வேண்டும். நான்கு வருடத்துக்கு 60,000. அதுதான் பேரன்ட் பிளஸ்.

அந்தக் கடனுக்கு முதலிலேயே 4.228 சதவீதம் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். கையில் 60,000 வர வேண்டுமானால் ஏறத்தாழ 62,650 கடன் வாங்க வேண்டும். 2025-26க்கான வட்டி 8.94 சதவீதம். 2026-27க்கான விகிதம் நான் இதை எழுதும்போது இன்னும் வரவில்லை. மே மாதம் நடக்கும் பத்தாண்டு அரசுப் பத்திர ஏலத்தை வைத்துத்தான் அதை நிர்ணயிப்பார்கள். ஆகவே பழைய விகிதத்திலேயே போட்டேன். 2026 ஜூலை 1க்குப் பிறகு புதிதாகக் கடன் வாங்கும் பெற்றோருக்குப் புதுச் சட்டம். ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 வரைதான் தருவார்கள். வருமானத்துக்குத் தகுந்த மாதிரி கட்டுகிற திட்டம் பெற்றோர் கடனுக்குக் கிடையாது, மாதாமாதம் ஒரே தொகை. கடன் 50,000க்கு மேல் 1,00,000 வரை இருந்தால் இருபது வருடம்.

படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமல் இருபது வருடத்துக்குப் போட்டால் மாதம் 561 டாலர். முழுவதும் கட்டி முடிக்கும்போது 1,34,700 டாலர் ஆகியிருக்கும். கையில் வந்தது 60,000. என் கணவருக்கு இப்போது 51. படிப்பு முடிந்த பிறகு கட்டத் தொடங்கினால் 75 வயதில் முடியும்.

இந்தக் கணக்கை அவரிடம் காட்டினேன். "நமக்குக் கொடுப்பாங்களா இவ்வளவு?" என்று கேட்டார். கொடுப்பார்கள். பேரன்ட் பிளஸ் கடனுக்கு உங்கள் வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதே இல்லை. கடன் வரலாற்றில் பெரிய கறை இல்லாமல் இருந்தால் போதும். கிடைக்கிறது என்பதற்கும் கட்ட முடியும் என்பதற்கும் சம்பந்தமே இல்லாத கடன் அது. திவால் மனு கொடுத்தாலும் கல்விக் கடன் எளிதில் கழியாது என்பதையும் சொன்னேன். அப்புறம் ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

அவள் பெயரில் வரும் 27,000ஐயும் போட்டுப் பார்த்தேன். 2025-26 கணக்கில் 6.39 சதவீத வட்டி. இதில் 19,000 வரை மானியக் கடனாகக் கிடைத்தால் படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும். மிச்சத்துக்கு வட்டி முதல் நாளிலிருந்து ஓடும். அது குடும்ப நிலையைப் பொறுத்தது, எங்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. புது விதிப்படி 25,000க்கு மேல் 50,000 வரையான கடனுக்குப் பதினைந்து வருடத் தவணை. படிக்கும் காலத்து வட்டியைச் சேர்க்காமல் மாதம் ஏறத்தாழ 234 டாலர். வருடம் 45,000 சம்பளம் என்றால் வரியெல்லாம் போகக் கையில் மாதம் 3,000 போல வரும். அதில் 234 என்றால் கட்டலாம். நான் வேலைக்கு வந்த புதிதில் காருக்கு அதைவிட அதிகமாகக் கட்டினேன். பெற்றோர் கடனையும் அவளே கட்டுவதாக எடுத்துக்கொண்டால் 795. கைக்கு வரும் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல். வாடகை கொடுத்துவிட்டு அதையும் கொடுக்க முடியாது.

மாதம் 234ம் முடியவில்லை என்றால் 2026 ஜூலையில் தொடங்கும் ஆர்ஏபி என்ற, வருமானத்துக்குத் தகுந்த மாதிரி கட்டுகிற திட்டம் இருக்கிறது. வருமானம் 40,000க்கும் 50,000க்கும் இடையில் இருந்தால் அதில் 4 சதவீதம். 45,000க்கு மாதம் 150. கடனுக்கு மாத வட்டியே 144 வரும் என்பதால் 150 கட்டினால் அசல் 6 டாலர்தான் குறையும். அந்தக் குறையை அரசு ஈடுகட்டி மாதம் 50 டாலராவது அசல் இறங்கும்படி செய்கிறார்கள். கட்ட வேண்டிய வட்டி மிஞ்சினால் அதைக் கடனோடு சேர்ப்பதில்லை. இது நல்ல மாற்றம் என்றே எனக்குப் படுகிறது. மறுபக்கம், முழுத் தள்ளுபடி வர முப்பது வருடம் ஆகும். அவ்வளவு காலம் ஒரு கடனோடு என் பெண் வாழ்வதை நினைக்க முடியவில்லை, ஆகவே அதை ஆபத்துக்கு உதவும் கதவாக மட்டும் குறித்துவைத்தேன்.

வரலாறு படிக்கிறவர்களுக்கு உண்மையிலேயே பயன்படக்கூடியது வேறொன்று. 2007இல் வந்த பொதுப்பணிக் கடன் தள்ளுபடி. அரசு வேலையிலோ வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பிலோ முழுநேரமாக இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மிச்சக் கடன் போய்விடும். அரசுப் பள்ளி, மாநில ஆவணக் காப்பகம், தேசியப் பூங்காத் துறை, அருங்காட்சியகங்களில் பெரும்பாலானவை எல்லாம் இதற்குள் வரும். வரலாறு படித்தவர்கள் இயல்பாகப் போய்ச் சேரும் இடங்களே இவைதான். ஆசிரியர்களுக்கென்று தனியாக ஒரு தள்ளுபடியும் உண்டு. அதில் கணக்கு, அறிவியல் ஆசிரியருக்கு 17,500 டாலர் வரை; வரலாற்று ஆசிரியருக்கு 5,000 வரைதான். அந்த வித்தியாசத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஐந்து வருடம் நிற்கும் ஆசிரியரின் உழைப்பு பாடத்துக்குப் பாடம் மாறுமா என்ன?

சம்பளப் பக்கம் இன்னொரு விஷயம். வரலாற்று ஆய்வாளர் என்ற பெயரிலேயே இருக்கும் வேலைகள் இந்த நாடு முழுவதிலும் மூவாயிரத்துச் சொச்சம்தான். அதை நம்பிப் படிக்க அனுப்பக் கூடாது, மகளிடமும் அதைச் சொல்லிவிட்டேன். பட்டமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டுமே. 2024இல் முழுநேர வேலையில் இருந்தவர்களில், பள்ளிப் படிப்போடு நின்றவரின் இடைநிலை வாரச் சம்பளம் 930 டாலர், இளங்கலைப் பட்டம் உள்ளவருக்கு 1,543. எல்லாப் பாடங்களும், 25 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரும் சேர்ந்த எண் அது. வரலாற்றுக்காரர் அதற்குக் கீழே இருக்கலாம். இருந்தாலும் நடுவில் வாரத்துக்கு அறுநூறு டாலர் இடைவெளி இருக்கிறது. எங்கேயோ அந்த இடைவெளிக்குள் நின்றால்கூட 27,000 கடன் தாங்கும்.

எண்களை மட்டும் பார்த்தால் போதாது என்று, வரலாறு படித்த ஒருவரிடம் பேசலாம் என்று தோன்றியது. எங்கள் ஆபீஸிலேயே ஒருவர் இருக்கிறார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கும் பெண்மணி. மதிய இடைவேளையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னார். பட்டம் வாங்கிய பிறகு இரண்டு வருடம் புத்தகக் கடையில் நின்றாராம். பிறகு வீடு, நிலம் விற்கும்போது பழைய பத்திரங்களைத் தோண்டி, உரிமையில் சிக்கல் இருக்கிறதா என்று பார்க்கும் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். கவுண்டி அலுவலகத்தில் எண்பது வருடப் பழைய பதிவேடுகளைப் புரட்டி, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கோக்கிற வேலை. "வகுப்பில் செய்த அதே வேலை, சம்பளத்தோடு" என்றார். அங்கிருந்து ஒப்பந்தங்கள் பக்கம் வந்தாராம். இப்போது என்னைவிட நன்றாகவே சம்பாதிக்கிறார். ஆனால் அந்த முதல் ஆறு வருடம் மிகவும் கஷ்டப்பட்டதாகச் சொன்னார். காரணம் சம்பளம் மட்டும் இல்லை. தனியார் கடன், ஏறி இறங்கும் வட்டி, ஜாமீன் கையெழுத்து அவருடைய அப்பா. இரண்டு தவணை தவறியபோது கடன்காரர்கள் அப்பாவுக்குப் போன் செய்தார்களாம். அதைச் சொல்லும்போது இத்தனை வருடம் கழித்தும் அவர் குரல் மாறியது. "பாடத்தை மாற்றச் சொல்லாதீர்கள். அந்தக் கையெழுத்தை மட்டும் போடாதீர்கள்" என்றார்.

இந்தச் சமயத்தில் மகள் பள்ளியில் அரசாங்கப் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. கல்விக் கடனையே தலைப்பாக எடுத்துக்கொண்டாள். நான் சொல்லவில்லை, சாப்பாட்டு மேசையில் தினமும் கேட்டுக்கொண்டிருந்ததால் வந்த ஆர்வம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்காரவைத்து விளக்கினாள். 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. பயந்துபோன அமெரிக்கா 1958இல் ஒரு பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. மத்திய அரசு மாணவருக்குக் கடன் கொடுக்கத் தொடங்கியது அதில்தான். 1965இல் உயர்கல்விச் சட்டம். அதில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்டது டெக்சாஸில் அவர் படித்த அதே கல்லூரியில். "அவர் அங்க என்ன படிச்சார் தெரியுமாப்பா? ஹிஸ்டரி. 1930ல." பெற்றோர் கடன் 1980இல் வந்தது. அப்போது அதற்கு வரம்பு இருந்தது. 1992இல் சட்டத்தைத் திருத்தி வரம்பை எடுத்துவிட்டார்கள், கல்லூரி கேட்கிற அளவு பெற்றோர் வாங்கலாம் என்று. இப்போது 2026இல் திரும்ப வரம்பு வருகிறது. "நடுவுல முப்பது வருஷத்துக்கு மேல தொறந்தே இருந்திருக்கு. அந்தக் காலத்துல எந்தெந்தக் காலேஜ் எவ்வளவு ஏத்துச்சுன்னு பாக்கணும்" என்றாள்.

என் கணவர் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு மாதமாக நான் எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்திருக்கிறாள். என் வேலையில் எனக்கு இல்லாத ஒரு திறமை அது, பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவர் என்னிடம், "சரி, அவ அதையே படிக்கட்டும்" என்றார்.

தனியார் கல்லூரியைக் கைவிடச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அதை நான்தான் சொன்னேன். எக்செல் தாளை அவள் முன்னால் வைத்து வரி வரியாகக் காட்டினேன். 75 என்ற எண்ணில் அவள் விரல் நின்றது. "அப்பாவுக்கு எழுபத்தஞ்சு வயசா?" என்றாள். பிறகு அறைக்குப் போய் அழுதாள். அந்த நீள மேசையும் பன்னிரண்டு பேரும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் கிடைக்காது. இருநூறு பேர் இருக்கும் வகுப்புகள்தான். அது அவளுக்கு நிஜமான இழப்பு, ஈடுகட்ட என்னிடம் எந்த எண்ணும் இல்லை. மூன்றாம் வருடத்திலிருந்து சிறிய ஆய்வு வகுப்புகள் இருக்கின்றன என்று அவளே பாடப் பட்டியலில் தேடிக் கண்டுபிடித்தாள்.

மேற்படிப்பு பற்றி இப்போதே ஒன்று பேசி வைத்திருக்கிறோம். வரலாற்றில் முனைவர் படிப்புக்குப் பல நல்ல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதப் படியும் கொடுக்கின்றன. முதுகலைக்குப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. முதுகலைக்கு வருடம் 20,500 வரைதான் இனி அரசுக் கடன் கிடைக்கும். ஆகவே பணம் கொடுத்துக் கூப்பிட்டால் போகலாம், கடன் வாங்கி வேண்டாம். சட்டம் என்றால் அப்போது உட்கார்ந்து புதிதாகக் கணக்குப் போடலாம்.

ஏப்ரல் 27ஆம் தேதி மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டினோம். கடன் பத்திரத்தில் கையெழுத்து அவளுடையது மட்டும். போடுவதற்கு முன்னால் முழுவதையும் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, ஒரு இடத்தில் புரியவில்லை என்று என்னிடம் கேட்டாள், எனக்கும் புரியாமல் உதவி எண்ணுக்குப் போன் செய்து தெரிந்துகொண்டோம். எக்செல் தாளில் இப்போது அவள் பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு ஜூனிலும் அதுவரை வாங்கிய கடனை அவளே அதில் எழுத வேண்டும்.

தனியார் கல்லூரிக்கு வரவில்லை என்று எழுதும்போது அந்தப் பேராசிரியருக்கும் தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள். வகுப்பில் உட்கார வைத்ததற்கு நன்றி, அந்தக் கடிதத்தை எழுதியவர் எதை மறைத்தார் என்று இப்போது தனக்குத் தோன்றுவது இது என்று ஒரு பத்தி. இரண்டு நாளில் பதில் வந்தது. அவள் சொன்னதில் எது சரி, எது சரியில்லை என்று எழுதி, படிக்க வேண்டிய நான்கு புத்தகங்களின் பெயரும் கொடுத்திருந்தார். நான்கையும் நூலகத்தில் சொல்லிவைத்திருக்கிறாள். முதல் புத்தகம் நேற்று வந்தது.